அடுப்புக்கும் ஆலைக்கும் விறகு: காணிக்கு என்ன மிஞ்சும்?

சக்தி பற்றிய பேச்சுக்களில் அடிக்கடி அடிபடும் ஒரு சொல் 'புதுப்பிக்கத்தக்க சக்தி' என்பதாகும். சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர் ஆகியவற்றோடு விறகு, உமி, வைக்கோல், சாணம், கரும்புச் சக்கை, எண்ணெய் வித்துக்கள் ஆகியனவும் இந்தப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. இவற்றை ஒன்றாக 'உயிர்த்திணிவு' என்று பாடப்புத்தகங்கள் அழைக்கின்றன. உயிருள்ளவற்றிலிருந்து கிடைத்து, எரிக்கக்கூடியதாக இருக்கும் எல்லாமே உயிர்த்திணிவுதான். அதிலிருந்து பெறும் எண்ணெயையும் மதுசாரத்தையும் 'உயிரி எரிபொருள்' என்கிறார்கள்.

பெயர்தான் புதியது, பொருள் எமது குசினிக்குள் எப்போதும் இருந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகிலேயே சமைத்தன. 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நகரத்தவர்களும் கல் மூன்று வைத்து அடுப்பு மூட்டினார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அப்போது கைகொடுத்ததும் காவோலையும் தென்னம் மட்டையும்தான். ஆகவே விறகு எரிப்பதைக் குற்றம் என்று சொல்ல நாம் இதனை எழுதவில்லை. ஏழைக் குடும்பத்தின் அடுப்பைப் பார்த்துச் சுற்றாடல் பாடம் நடத்துவது எமக்கு ஒருபோதும் உவப்பானதல்ல.

எனினும் இரண்டு காரணங்களுக்காக இவ்விடயத்தை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. இடம்பெயர்ந்து வாழும் இடத்திலோ, திரும்பிச் சென்ற காணியிலோ விறகு எங்கிருந்து வருகிறது என்பது நாளாந்தப் பிரச்சினை. அத்தோடு, 'புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மரம் நடுகிறோம், உங்கள் சும்மா கிடக்கும் காணியைத் தாருங்கள்' என்று யாராவது ஒரு நாள் உங்கள் படலையில் வந்து நிற்கக்கூடும். அப்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புதுப்பிக்கத்தக்கது எப்போது?

மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்ளெடுத்து, சூரிய ஒளியின் உதவியால் அதனைத் தண்டாகவும் இலையாகவும் வேராகவும் மாற்றுகிறது. எரிக்கும்போது அதே காபன் மீண்டும் காற்றுக்குப் போகிறது. இன்னொரு மரம் வளர்ந்தால் அதனைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெயும் நிலக்கரியும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்துக்கடியில் பூட்டிக் கிடந்த காபனை அவை புதிதாகக் காற்றில் சேர்க்கின்றன. விறகை நல்ல எரிபொருள் என்று சொல்வதற்கு அடிப்படை இதுவே. இந்த நியாயம் சரியானதுதான்.

ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. எடுத்தது திரும்ப வளர வேண்டும்; எரிக்கும் வேகத்துக்கு ஈடாக வளர வேண்டும். தென்னையிலிருந்து விழும் மட்டையை எரித்தால் மாதம் ஒன்று கழிய இன்னொரு மட்டை விழும். வேலிக் கதியாலின் கிளையை வெட்டினால் அடுத்த மாரியில் தளிர்க்கும். வன்னிக் காட்டில் நிற்கும் பாலையையோ முதிரையையோ வெட்டி எரித்தால், அதே பருமனில் ஒரு மரத்தை உங்கள் பேரப்பிள்ளைகளும் காண்பார்களோ தெரியாது. அடுப்பில் மூன்றும் விறகுதான். எரியும்போது மூன்றும் ஒரே சூட்டைத்தான் தரும். ஒன்று புதுப்பிக்கத்தக்கது, மற்றது அல்ல என்பது மரத்தின் பெயரில் இல்லை. எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு காலம் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

சனம் ஓரிடத்தில் நெருங்கி வாழ நேரும்போது இந்தக் கணக்கு எப்படி உடைகிறது என்பதை இடப்பெயர்வு கண்ட நீங்கள் அறிவீர்கள். 2009 இல் செட்டிகுளத்தில் காடு வெட்டி அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரிலேயே அது முழுதாக மூடப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ விறகு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இரண்டு இலட்சம் பேருக்கு நாளாந்தம் 200 தொன் வேண்டும். எந்தக் காடும் தன் ஓரத்தில் இவ்வளவு பெரிய அடுப்பை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்காது. குற்றம் சமைத்த தாய்மாரிடம் இல்லை. அத்தனை பேரையும் ஓரிடத்தில் அடைத்துவைத்த ஏற்பாட்டில்தான் இருந்தது. திரும்பி வந்த பின்னரும் விறகுக்குப் பற்றைக்குள் போனவர்கள் மிதிவெடியில் கால் இழந்தார்கள் என்பதும் எமக்கு மறக்கக்கூடியதல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். நாட்டில் காடு குறைந்ததற்கு வீட்டு அடுப்பே காரணம் என்று சிலர் சொல்வார்கள். அது நியாயமல்ல. கிராமத்து விறகின் பெரும்பகுதி வளவிலிருந்தும், தென்னை, பனை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும்தான் வருகிறது. காட்டைத் தின்றவை பெரும்பாலும் குடியேற்றத் திட்டங்கள், பயிர்ச்செய்கை, மர வியாபாரம், வீதிகள், போர் ஆகியனவே.

குழை எங்கே, தடி எங்கே?

காபன் கணக்கைப் பேசுபவர்கள் பலரும் மண்ணை மறந்துவிடுகிறார்கள். கமக்காரனுக்கு மண்தான் முதல் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழை தாழ்த்தி வந்தவர்கள். பூவரசங் குழை, ஆமணக்கங் குழை, பனையோலை என்று கிடைத்ததையெல்லாம் கொத்திய மண்ணுக்குள் புதைத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் செய்தார்கள். வேலி என்பது எல்லை மட்டுமல்ல, பசளைக் களஞ்சியமுமாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரசாயனப் பசளை வந்த பிறகு இந்த வழக்கம் தளர்ந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் விழுந்து, அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோரும் மறுபடியும் யோசிக்க நேர்ந்தது.

சீமைக்கிளுவையை எடுத்துக்கொள்வோம். கிளிரிசிடியா என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வதும் இதுதான். இது அவரையினத்தைச் சேர்ந்த மரம். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தன் இலையில் சேர்க்கும் ஆற்றல் உடையது. 100 கிலோ பச்சைக் குழையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியாவில் உள்ள அளவு நைதரசன் இருக்கிறது. தடியில் அது மிகக் குறைவு. ஆகவே தடி அடுப்புக்கும் குழை தோட்டத்துக்கும் போனால், மண் பெரிதாக எதையும் இழக்காது. சில வேளை ஆதாயமும் பெறும். குழையோடு சேர்த்து லொறியில் ஏற்றி அனுப்பினால், விறகோடு உங்கள் பசளையையும் விற்றுவிட்டீர்கள் என்பதே பொருள்.

வைக்கோல் இன்னும் தெளிவான உதாரணம். ஓர் ஏக்கரில் ஒன்றரைத் தொன் நெல் வெட்டினால் ஏறக்குறைய அதேயளவு வைக்கோலும் மிஞ்சும். அந்த வைக்கோலில் உள்ள பொற்றாசியம், 50 கிலோப் பையொன்றில் வரும் எம்.ஓ.பி. பசளையில் உள்ளதைவிடச் சற்றே குறைவு. வைக்கோலை 'கழிவு' என்று எழுதி, அதனைச் சக்திக்குப் பயன்படுத்தலாம் என்று திட்டம் வரைபவர் வயலுக்கு வந்து பார்த்தவராக இருக்க மாட்டார். மாட்டுக்குத் தீனி, மண்ணுக்கு உரம், கூரைக்கு வேய்ச்சல் என்று மூன்று வேலை பார்ப்பதைக் கழிவு என்று எப்படிச் சொல்வது?

உமியின் நிலை வேறு. நெல்லின் நிறையில் ஐந்திலொரு பங்கு உமி. அதில் பசளைச் சத்து குறைவு, சிலிக்காதான் அதிகம். மாடும் தின்னாது. ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து காற்றில் பறந்து கண்ணை மறைப்பதை விட, நெல் அவிப்பதற்கும் மின்சாரத்துக்கும் அதனை எரிப்பது நல்லதே. ஆயினும் எரித்த உமியில் ஐந்திலொரு பங்கு சாம்பலாக மிஞ்சும். நுண்ணிய அந்தச் சாம்பல் அயலவரின் நெஞ்சுக்குள் போகாமல் அடக்கப்பட வேண்டும்.

சாம்பல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விறகு எரியும்போது நைதரசன் புகையோடு போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் பொற்றாசியமும் கொஞ்சம் பொஸ்பரசும் சாம்பலில் தங்குகின்றன. வீட்டுச் சாம்பலை வாழைக்கும் முருங்கைக்கும் போடும் எமது பெண்களுக்கு இது புதிதல்ல. தொலைவிலுள்ள மின்நிலையத்தில் எரிந்த விறகின் சாம்பல் உங்கள் காணிக்குத் திரும்பி வருமா? வராவிட்டால், ஒவ்வொரு வெட்டிலும் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போகும். அதனை ஈடுசெய்யக் கடையில் பசளை வாங்க வேண்டும். அந்தப் பசளையைச் செய்வதற்கும் கொண்டுவருவதற்கும் எண்ணெய் எரிக்க வேண்டும்.

மெகாவாட் கணக்கு

சீமைக்கிளுவையைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005 இல் ஏற்றுக்கொண்டது. விறகு எரித்து நீராவி ஆக்கி மின்சாரம் பெறும் நிலையங்கள் நாட்டில் சில இடங்களில் நிறுவப்பட்டன. திருகோணமலையில் தொழிற்சாலை ஒன்றுக்காக 10 மெகாவாட் அளவிலும் ஒன்று அமைந்தது. இறக்குமதி எண்ணெயை மிச்சப்படுத்தலாம், கமக்காரருக்கு வருமானம் வரும் என்பதே நோக்கம். அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். சிறிய நீராவி நிலையமொன்றில் ஓர் அலகு மின்சாரத்துக்கு உலர்ந்த விறகு ஒன்றேகால் கிலோ அளவில் செலவாகும். ஒரு மெகாவாட் நிலையம் இரவு பகலாக ஓடினால் நாளொன்றுக்கு 24,000 அலகு; அதற்கு 30 தொன் விறகு. ஆண்டுக்குப் பராமரிப்பு நாட்களைக் கழித்தாலும் 10,000 தொன்னை எட்டும். நல்ல நிலத்தில் நல்ல மழையோடு ஏக்கருக்கு 8 முதல் 10 தொன் வரை கிடைத்தால், ஒரே ஒரு மெகாவாட்டுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் தேவை. வரண்ட வலயத்தில் மழை பிழைக்கும் ஆண்டுகளில் இது இன்னும் கூடும்.

இந்த ஆயிரம் ஏக்கர் ஆயிரக்கணக்கான வேலிகளிலும் வரம்புகளிலும் மிளகுக் கொடி ஏறும் மரங்களிலும் சிதறி இருந்தால், சுற்றாடலுக்குத் தீங்கில்லை. ஏழைக்கும் கைச்செலவுக்குக் காசு. ஒரே துண்டாக ஒரே மரத்தை நட்டால் கதை வேறு. 1980களில் இபில் இபில் மரத்தை ஆசியா எங்கும் அதிசய மரமென்று பரப்பினார்கள். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியொன்று நாடு நாடாகப் பரவி, தோப்புக்களை மொட்டையாக்கியது. பூச்சி படாத இடங்களில் அந்த மரமே களையாகி மற்றச் செடிகளை ஒதுக்கியது. சீமைக் கருவேலும் அவ்வாறே. விறகுக்கும் தரிசைப் பசுமையாக்கவும் என்று கொண்டுவரப்பட்டு, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் சீமையையும் எமது புந்தல தேசியப் பூங்காவையும் மூடிப் படர்ந்தது. விறகு மரத்தில் நாம் விரும்பும் குணங்கள், அதாவது வேகமாக வளர்வது, வெட்ட வெட்டத் தளிர்ப்பது, வரட்சிக்கு அஞ்சாதது ஆகியன, களைக்கும் உரிய குணங்களே.

இன்னொன்று, நெல் விற்கப் போனவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பச்சை மரத்தின் நிறையில் பாதியளவு தண்ணீர். அதை எரித்தால் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகி, உலர்ந்த விறகின் சூட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். வாங்குபவர் 'ஈரம்' என்று சொல்லிக் கழிப்பார். எவ்வளவு கழிப்பது என்பதை அவரே தீர்மானித்தால், நெற் களஞ்சிய வாசலில் நடப்பது விறகுத் தராசிலும் நடக்கும்.

விளக்குக்கு எண்ணெய், வாகனத்துக்கு எண்ணெய்

1990 இன் பின் வடக்குக்கு எரிபொருள் தடுக்கப்பட்ட காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் துளி மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. அதற்கு முந்திய காலத்திலோ இலுப்பெண்ணெய், வேப்பெண்ணெய், புன்னெண்ணெய் ஆகியன விளக்கேற்றின. இலுப்பைக் கொட்டையை ஆட்டினால் எண்ணெய் விளக்குக்கு, அரப்பு தலைக்கு. உயிரி எரிபொருள் எமக்குத் தெரியாத சங்கதியல்ல. ஆனால் விளக்கு ஒரு கரண்டி எண்ணெயில் இரவைக் கழிக்கும். லொறி அப்படிக் கழிக்காது.

ஆதாளையின் கதை இதற்கு நல்ல பாடம். காட்டாமணக்கு என்றும் சொல்லப்படும் இந்தச் செடியை இந்திய அரசாங்கம் 2003 அளவில் உயிரி டீசலுக்கென முன்னிறுத்தியது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, உணவுப் பயிரோடு போட்டியில்லை என்று சொல்லப்பட்டது. 2009 இன் கொள்கையில், 2017 ஆகும்போது டீசலிலும் பெற்றோலிலும் 20 வீதம் உயிரி எரிபொருள் கலக்கப்பட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் கமக்காரர்கள் நட்டார்கள். நடந்தது என்ன? தண்ணீர் இல்லாமல் செடி சாகவில்லை என்பது உண்மை, காய்க்கவும் இல்லை. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவாக இருந்ததையும், தண்ணீரும் பணமும் உள்ள பெரிய கமக்காரரே தாக்குப்பிடித்ததையும், சிறியவர்கள் நட்டப்பட்டதையும் காட்டியது. மானாவாரியாகச் செய்த கச்சான் போனால் வீட்டுக்கு உணவும் போச்சு, மாட்டுக்குக் கொடியும் போச்சு. ஆதாளை இலையை மாடு தொடாது; விதையோ நஞ்சு. 2017 வந்தபோது உயிரி டீசல் கலப்பு இலக்கின் அருகிலும் வரவில்லை.

ஒரு சிறு கணக்கையும் பார்க்கலாம். வரண்ட நிலத்தில் ஏக்கருக்கு 400 கிலோ விதை கிடைத்தால் நல்ல விளைச்சல். அதில் 100 லீற்றர் அளவில் எண்ணெய் எடுக்கலாம். நான்கு சில்லு உழவு இயந்திரம் அதை மூன்று நாள் உழவில் குடித்துவிடும். ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு நிலம் மூன்று நாள் உழவு!

ஏன் இவ்வளவு அவசரப்பட்டார்கள்? பணக்கார நாடுகள் தமது வாகனங்களைப் பசுமையாக்க விரும்பின. ஐரோப்பிய ஒன்றியம், 2020 இல் போக்குவரத்துச் சக்தியில் 10 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2009 இல் சட்டம் செய்தது. அதற்கு எண்ணெய் வேண்டும். மலிவான எண்ணெய் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் முள்ளுத்தேங்காய்த் தோட்டங்களில் கிடைத்தது. தோட்டத்துக்காகக் காடு விழுந்தது. அங்குள்ள சதுப்புக் காடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக உக்காத இலைதழை ஆள் உயரத்துக்கும் மேலாகப் படிந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டி அதை வடித்தால் அந்தப் படிவு காய்ந்து, உக்கி, தீப்பிடித்துத் தன் காபனையெல்லாம் காற்றில் விடும். 2015 இல் அந்த நிலங்கள் எரிந்த புகை அயல் நாடுகளையும் மூடியது. அவ்வாறு அழித்த சதுப்புக் காட்டில் விளையும் எண்ணெயைக் கொண்டு காபன் கடனை அடைத்து முடிக்க 423 ஆண்டுகள் செல்லும் என்று 2008 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். சாதாரண மழைக்காட்டை அழித்திருந்தால் 86 ஆண்டுகள். இதனை ஒத்துக்கொண்டு, முள்ளுத்தேங்காய் எண்ணெய் டீசலை 2030 ஆகும்போது தன் இலக்குகளில் கணக்கெடுக்காமல் விடுவதென ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் தீர்மானித்தது. விழுந்த காடு விழுந்ததுதான்.

சோளமும் அப்படியே. அமெரிக்காவில் பெருமளவு சோளம் எதனோல் ஆலைகளுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், 2007 ஜனவரியில், சோள ரொட்டியே அன்றாட உணவான மெக்சிக்கோவில் விலையேற்றத்துக்கு எதிராகச் சனம் வீதிக்கு வந்தது. வானிலை, வியாபாரிகளின் பதுக்கல் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் வாகனத் தாங்கியும் வயிறும் ஒரே வயலைப் பார்த்து நிற்கும்போது விலை கொடுக்க முடிந்தவருக்கே விளைச்சல் போகும்.

'தரிசு' யாருடையது?

மேற்சொன்ன எல்லாத் திட்டங்களிலும் ஒரு சொல் பொதுவாக வரும்: தரிசு நிலம். காட்டை அழிக்க மாட்டோம், வயலைத் தொட மாட்டோம், பயன்படாத தரிசில் மட்டும் நடுவோம் என்பார்கள். கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் வரைபடத்தில் தரிசு என்று நிறம் தீட்டப்பட்ட இடம் தரையில் வெறுமையாக இருப்பதில்லை. அங்கே ஆடு மேயும். ஒருத்தி சுள்ளி பொறுக்குவாள். வைத்தியர் வேர் கிண்டுவார். தமிழ்நாட்டில் தரிசு என்று ஆதாளைக்குக் குறிக்கப்பட்ட நிலங்களில், சீமைக் கருவேலை வெட்டி விறகும் கரியும் விற்றுப் பிழைத்த ஏழைகள் ஏற்கெனவே இருந்தார்கள். ஒரு சக்தித் திட்டத்துக்காக, கணக்கில் ஏறாத இன்னொரு சக்தித் தொழிலை அகற்றப் பார்த்தார்கள்.

எமக்கோ இச்சொல் இன்னும் கூர்மையாகத் தைக்கிறது. இடம்பெயர்ந்தவனுடைய காணியை விடத் தரிசாகத் தெரிவது எது? பத்து இருபது ஆண்டு மனிதர் காலடி படாத வயலில் விடத்தலும் நாயுண்ணியும் முளைத்து, அதன்மேல் மரமும் எழுந்து நின்றால், வெளியிலிருந்து வருபவருக்கு அது காடு. வன இலாகாவின் எல்லைக்கல்லும் அதில் விழும். ஒருவர் அதனைக் காடு என்பார், மற்றவர் தரிசு என்பார். வயல் என்று சொல்ல உரியவர் அங்கே இல்லை. 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்ற வர்த்தமானி வெளிவந்து, உயர் நீதிமன்றம் யூன் மாதம் அதனை இடைநிறுத்தியதை நீங்கள் அறிவீர்கள். அது விறகுத் தோட்டத்துக்காக வந்ததல்ல. ஆனால் ஆளில்லாக் காணி எவ்வளவு விரைவாகக் காகிதத்தில் கைமாறக்கூடும் என்பதை அது காட்டியது. ஆகவே உறுதியோ, அனுமதிப் பத்திரமோ, பழைய வரிப் பற்றுச்சீட்டோ, கையில் உள்ள எதையும் பத்திரப்படுத்துங்கள். தொலைந்திருந்தால் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் இப்போதே கேளுங்கள்.

காணி நிச்சயம் இல்லாதவன் மரம் நடமாட்டான் என்பதும் இதன் மறுபக்கம். நாளை எழும்பச் சொல்லுவார்கள் என்று இருப்பவர் இன்றைய விறகைத்தான் பார்ப்பார். புதுப்பிக்கத்தக்க சக்திக்கு முதற் தேவை விதையோ இயந்திரமோ அல்ல, காணி உறுதி என்று நாம் சொல்வது இதனால்தான்.

குசினிக்குள்

சுற்றாடல் என்றால் காடும் கடலும் மட்டுமல்ல, குசினியும் சுற்றாடல்தான். வீட்டுப் புகையினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். தகரம் அடித்த தற்காலிகக் கொட்டிலில், காற்றோட்டமில்லாத மூலையில் மூன்று கல் அடுப்பெரிக்கும் தாயும், அவளது இடுப்பிலிருக்கும் குழந்தையும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்திலொரு பங்கு அளவே பானைக்குப் போகிறது, மிச்சம் காற்றுக்கு. 'அனகி' என்ற பெயரில் எமது நாட்டில் பரவிய இரட்டைப் பானைக் களிமண் அடுப்பு கால் பங்கு விறகையாவது மிச்சப்படுத்தும். மண் பூசி, மேலே ஒரு புகைபோக்கி, எதிரே ஒரு சன்னல் வைத்தால் புகையும் குறையும். விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழ் இரண்டு மாதம் காயவிட்டு எரிப்பது செலவில்லாத மருந்து. ஈர விறகுதான் அதிகம் புகைக்கும்.

மாடு வைத்திருப்பவர்களுக்குச் சாண எரிவாயு இவை எல்லாவற்றையும்விட மேலானது. சாணத்திலிருந்து வாயுவை எடுத்த பிறகும் பசளைச் சத்து குழம்பில் அப்படியே மிஞ்சும். சக்தி அடுப்புக்கு, உரம் மண்ணுக்கு. நான்கைந்து மாடும் போதிய தண்ணீரும் இருந்தால் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். தாங்கியில் கசிவு இருக்கக் கூடாது. அதிலுள்ள மெதேன் வாயு காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆனால் தாங்கியைச் சுமந்துகொண்டு இடம்பெயர முடியாது. வாடகை வளவில் இருப்பவர்கள் அனகி அடுப்போடு தொடங்குவதே புத்தி.

சக்திப் பயிருக்கு ஒப்பந்தம் என்று ஒருவர் வந்தால், ஒப்பமிடும் முன் அதனைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். குழை யாருக்கு, சாம்பல் திரும்புமா, ஈரத்தை யார் அளப்பது, நிலையம் நின்றுவிட்டால் மரத்தை யார் வாங்குவது, எத்தனை ஆண்டுக்குக் காணி கட்டுப்பட்டிருக்கும் என்று கேளுங்கள். 'காணியை எமது பெயருக்குக் குத்தகைக்கு எழுதுங்கள்' என்றால், தனித்துப் பதில் சொல்லாமல் கமக்காரர் அமைப்பைக் கூட்டிக் கதையுங்கள். நெல்லோ பயறோ விளையும் நிலத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது எமது தெளிவான கருத்து. வேலியும் வரம்பும் போதும்.

வேலிக்குச் சீமைக்கிளுவை நாட்ட விரும்புபவர்கள் கைப்பிடிப் பருமனுள்ள, நாலைந்து அடி நீளமான முற்றிய தடியை மரத்திலிருந்து சரிவாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து, ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு அடி ஆழத்தில் நாட்டலாம். இடையிடையே பூவரசையும் முள்முருக்கையும் கிளுவையையும் கலந்து வையுங்கள். முதலாவது ஆண்டு ஆட்டுக்கு எட்டாமல் காக்க வேண்டும். அந்த ஆண்டு கழியும்வரை கத்தி வைக்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள்; வேர் இறங்கும் முன் வெட்டினால் அடுத்த கோடையில் பட்டுப்போகும்.